ஏழாம் பக்கத்துச் சிவப்புக் கோடு

எனக்கு முன்கோபம் அதிகம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரைக்காலில் எங்கள் நூலகம் இருந்த கட்டடம் இன்று கல்யாண மண்டபமாகிவிட்டது. அதற்கு அதிகாரிகளைத் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், வாரிசுகளைத் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், மழையைக்கூடத் திட்டுகிறார்கள். என்னை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. இருபத்திரண்டு வருஷம் அங்கே நூலகராக இருந்தவள் என்று மரியாதைக்கு விட்டுவைத்திருக்கிறார்கள். அந்த மரியாதை எனக்குச் சேர வேண்டியதில்லை.

அந்தக் கட்டடத்தை ஊருக்குக் கொடுத்தவர் சைகோனுக்குக் கப்பல் விட்ட ஒரு முஸ்லிம் வியாபாரி. அவர் பெயர் கல்வெட்டில் இருந்தாலும் ஊரில் எல்லோருக்கும் அவர் 'கப்பல்காரர்'தான். சுண்ணாம்புச் சுவர், ரங்கூன் தேக்கு உத்திரம், இரண்டு ஆள் உயரத்துக்கு ஜன்னல்கள். கீழே பத்திரிகை படிக்கும் கூடம், மாடியில் புத்தக அறை. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் இங்கே பத்திரம் என்றால் பிரெஞ்சு மொழியில்தான். கப்பல்காரருக்கு அந்த மொழி தெரியாது. பத்திரம் எழுதும் நொத்தேரிடம் போய்த் தன் மனசில் இருந்ததைத் தமிழில் சொல்லி, அவர் பிரெஞ்சில் எழுதியதற்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

கட்டடத்தைக் கொடுத்த பிறகும் அந்தக் குடும்பம் ஒரு வழக்கத்தை விடவில்லை. வியாழக்கிழமைதோறும் பிற்பகல் அசர் தொழுகை முடிந்ததும் அவர்கள் வீட்டு ஆள் சாம்பிராணிச் சட்டியோடு வருவார். மாடிக்குப் போய் அலமாரிகளைச் சுற்றி இரண்டு நடை புகை போட்டுவிட்டு, பேசாமல் இறங்கிப் போய்விடுவார். பள்ளிவாசலுக்குப் போடுவது போலப் புத்தகத்துக்கும். தீப்பிடித்தால் யார் பொறுப்பு என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் சண்டை போட்டேன். பிறகு கவனித்தேன், அந்த அலமாரிகளில் ராமபாணப் பூச்சி அவ்வளவாக இல்லை. சண்டையை விட்டேன். சட்டியை அனுப்புகிறவர் கப்பல்காரரின் பேத்தி. எதிர்வீடு. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். தெருவில் எல்லோரும் அக்கா முறையில் கூப்பிடுவது போல நானும் அவரை லாத்தா என்பேன்.

பிரச்சினை கூரையில் ஆரம்பித்தது. ஐப்பசி பிறந்தால் எங்களுக்கு வாசகர்களைவிட வாளிகள் அதிகம். மாடியில் பதினோரு இடத்தில் ஒழுகும். நான் கோவில்பத்திலிருந்து ஸ்கூட்டரில் நனைந்துகொண்டு வந்து, வந்ததும் வாளி மாற்றுவேன். வரலாறு அடுக்கு நனைந்தால் அதை இலக்கியத்துக்கு நகர்த்துவோம். இலக்கியம் நனைந்தால் இரண்டையும் சேர்த்து மாடிப்படிக்கு. எழுதிப் போட்ட மனுக்களுக்கு எங்கிருந்தும் பதில் வரவில்லை. ஊதுகிற சங்கை ஊதிவைப்போம் என்றுதான், பழைய பொதுக் கட்டடங்களைப் பழுதுபார்க்க நிதி கொடுக்கும் வெளியூர் அறக்கட்டளை ஒன்றுக்கு விண்ணப்பம் அனுப்பினேன். கிடைத்துவிட்டது. அன்று நான் இருந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. தெருவுக்கே ஜிலேபி வாங்கிக் கொடுத்தேன்.

அவர்கள் கேட்டது ஒன்றுதான்: கட்டடம் நூலகத்துக்கு எப்படி வந்தது என்பதற்கான பத்திரம், தமிழாக்கத்துடன். பத்திரம் இரும்புப் பெட்டியில் இருந்தது. அதைப் படிக்க அலுவலகத்தில் ஆள் இல்லை. ஊரில் பிரெஞ்சுப் பத்திரம் படிக்கத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். எனக்குத் தெரிந்து மிஞ்சியிருந்தவர் ஒருவர்தான். அவரோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

அவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற பென்ஷன்காரர். எண்பதைத் தாண்டியவர். இஸ்திரி கலையாத காற்சட்டையோடு காலை ஒன்பது மணிக்கு வந்து, கூடத்தின் மேஜையில் எல்லாப் பத்திரிகைகளையும் படிப்பார். படித்தால் பரவாயில்லை. கையில் சிவப்புப் பென்சில் வைத்திருப்பார். எழுத்துப்பிழைக்குக் கோடு, தப்பான தகவலுக்குக் கோடு, பிடித்த வரிக்குக் கோடு, பிடிக்காத வரிக்கு இரண்டு கோடு. காரைக்கால்மேட்டிலிருந்து தடைக்காலத்தில் படகை ஏற்றிவைத்துவிட்டுப் பேப்பர் படிக்க வரும் மீனவர்கள், "ஏங்க, இந்தக் கோட்டுக்கு நடுவுல சேதி எங்கங்க இருக்கு?" என்று என்னிடம் கேட்பார்கள். ஒருநாள் பொறுமை போய் அவர் பென்சிலைப் பிடுங்கி மேஜை இழுப்பறையில் பூட்டிவிட்டேன். எல்லோர் முன்னாலும். அவர் எழுந்து நின்று, "மெர்சி, மதாம்" என்று பிரெஞ்சில் ஒரு நன்றி மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் புதுப் பென்சிலோடு வந்தார். அன்றிலிருந்து நாங்கள் பேசுவதில்லை.

அவரிடம்தான் போய் நிற்க வேண்டியிருந்தது. அவர் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. பத்திரத்தின் நகலை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"நிதானமா செய்யணும், மதாம். நொத்தேர் பாஷை, சட்டுனு பிடிபடாது."

"நிதானமெல்லாம் வேணாங்க. மாசக் கடைசியில அனுப்பணும்."

மாசக் கடைசி போய் அடுத்த மாசமும் முடிந்தது. தினமும் மேஜையில் உட்கார்ந்து ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதுவார், அகராதியைப் புரட்டுவார், அடிப்பார், மறுபடி எழுதுவார். நான் போகும்போதும் வரும்போதும் முணுமுணுப்பேன். கடைசியில் ஒருநாள் நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒன்பது பக்கம். பக்கத்துக்குப் பக்கம் சிவப்புக் கோடு.

"ஏழாம் பக்கத்தைப் பாத்துடுங்க, மதாம். கோடு போட்டிருக்கேன்."

"நீங்க எங்கதான் போடலை?" என்றேன்.

சொன்ன உடனே அது அதிகம் என்று தெரிந்தது. அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. தலையை ஆட்டிவிட்டுத் தன் நாற்காலிக்குப் போனார். தமிழாக்கத்தில் அறக்கட்டளைக்குத் தேவைப்பட்டது மூன்றே விஷயம்: கொடுத்தவர் யார், எதற்காகக் கொடுத்தார், நான்கு எல்லைகள் எவை. மூன்றும் முதல் மூன்று பக்கத்திலேயே இருந்தன. அதைத் தட்டச்சு செய்து அனுப்பினேன். நோட்டைக் கோப்பில் வைத்துக் கட்டினேன். ஏழாம் பக்கத்தை நான் புரட்டவே இல்லை.

தை மாதம் புத்தகங்களை வெளியேற்றினோம். கூரையைப் பிரித்தால்தான் வேலை நடக்கும் என்றார்கள். கீழவாஞ்சூர் போகும் சாலையில் ஒரு கிடங்கு கொடுத்தார்கள். சாக்குகளில் எண் போட்டு, எந்த அலமாரி, எந்தத் தட்டு என்று சீட்டு ஒட்டி, ஒவ்வொரு வண்டியிலும் நானே ஏறி உட்கார்ந்து கொண்டுபோய் இறக்கினேன். பிறந்த வீட்டுக்குப் பிரசவத்துக்குப் போகிற பெண் மாதிரி, போய்விட்டுத் திரும்பி வரப்போகிறவை என்றுதான் நினைத்தேன். கடைசி வண்டி கிளம்பும்போது லாத்தா வாசலில் நின்றார்.

"எப்ப திரும்பி வருவாங்க, லைப்ரரியம்மா?" புத்தகங்களைத்தான் அப்படிக் கேட்டார்.

"எட்டு மாசம் லாத்தா. மழைக்கு முன்னாடி வந்துடும்."

அந்தச் சாலையில் துறைமுகத்திலிருந்து நிலக்கரி லாரிகள் ஓயாமல் போகும். கிடங்கின் ஜன்னலுக்குக் கதவு இல்லை, கம்பி மட்டும். முதல் வாரத்திலேயே சாக்குகள் கறுத்தன. தார்ப்பாய் வாங்கிப் போர்த்தினேன். தார்ப்பாயின் உள்ளேயும் கரி. வாரம் ஒருமுறை போய்த் துடைத்துவிட்டு வருவேன். வீட்டுக்கு வந்து மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். புத்தகத்தைத் திறந்தால் ஓரங்கள் துக்கப் பத்திரிகை மாதிரி கறுப்புக் கட்டம் கட்டியிருக்கும். சாம்பிராணிச் சட்டியை லாத்தா அங்கே அனுப்பக் கேட்டார். தீப்பிடித்தால் யார் பொறுப்பு என்று கிடங்குக்காரர் மறுத்துவிட்டார். நான் முதலில் சொன்ன அதே வாக்கியம்.

எட்டு மாசம் என்றது பத்தாயிற்று. இடையில் பென்ஷன்காரர் இறந்துபோனார். நூலகம் மூடியதிலிருந்து அவர் காலை ஒன்பது மணிக்கு வந்து, பூட்டிய வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்புவார் என்று லாத்தா சொன்னார். நான் கிடங்கில் இருந்ததால் ஒருநாளும் பார்க்கவில்லை. துக்கத்துக்குப் போனேன். பெட்டியில் இஸ்திரி கலையாத காற்சட்டையோடு படுத்திருந்தார். சட்டைப் பையில் பென்சிலை வைத்திருந்தார்கள், வீட்டில் யாருக்கோ தோன்றியிருக்கிறது. எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. அவருடைய பழைய பென்சில் அப்போதும் என் இழுப்பறையில்தான் இருந்தது.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், கட்டடம் அழகாக வந்தது. கொத்தனார்கள் சுண்ணாம்பும் கடுக்காயும் கலந்து அரைத்துப் பூசினார்கள். சுவரில் கை வைத்தால் கன்னத்தைத் தொட்டது போல இருக்கும். உத்திரங்களைத் தேய்த்து எண்ணெய் போட்டார்கள். மழை வந்தது, ஒரு சொட்டு உள்ளே விழவில்லை. அந்த மழையில் நான் காலி மாடியில் நின்று கூரையைப் பார்த்து அழுதேன்.

பார்க்க வந்த மேலதிகாரியும் கூரையைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். ஜன்னலைத் திறந்து காற்று வாங்கினார்.

"மேடம், இவ்வளவு பிரமாதமா வந்திருக்கு. இதுல போயி அந்தக் கரிப்பிடிச்ச புத்தகத்த அடுக்கணுமா?"

"இது லைப்ரரி சார்."

"லைப்ரரிக்கு வேற எடம் பாத்துக்கலாம். இங்க வெளியூர்க்காரங்க வந்து பாக்குற மாதிரி ஒரு பாரம்பரிய மையம் வைக்கலாம். ஒரு காபி ஷாப்பும் வைக்கலாம்."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்கள். நான் ஓடி ஓடிக் கூரை வாங்கிக் கொடுத்தேன். அந்தக் கூரையின் அழகே எங்களை வெளியே தள்ளியது. ஒழுகிக்கொண்டு இருந்தவரை அந்தக் கட்டடத்தை யாரும் கேட்கவில்லை. மனு எழுதினேன், ஆட்களைக் கூட்டிப்போய் நின்றேன், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளிடம் கையெழுத்து வாங்கினேன். 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. இப்படியே இன்னும் நான்கு மாசம் போயிற்று.

அப்போதுதான் புதிய மனுவுக்காகக் கோப்பை அவிழ்த்தேன். நோட்டு கீழே விழுந்தது. ஏழாம் பக்கம். மற்றப் பக்கங்களில் அங்கங்கே கோடு; இந்தப் பக்கத்தில் ஒரு பத்தியைச் சுற்றி நான்கு பக்கமும் கட்டம் போட்டு, ஓரத்தில் 'முக்கியம், மதாம்' என்று எழுதியிருந்தார். அந்தப் பத்தி சொன்னது இதுதான்: புத்தகங்கள் இந்த வீட்டில்தான் இருக்க வேண்டும். பழுதுபார்க்கவோ வெள்ளத்துக்குப் பயந்தோ வெளியே கொண்டுபோனால் ஒரு வருஷத்துக்குள் திரும்ப வைக்க வேண்டும். வைக்காவிட்டால் வீடு என் பிள்ளைகளுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் திரும்பிவிடும்.

விரல் விட்டு எண்ணினேன். பதினான்கு மாசம் ஆகியிருந்தது.

ஒரு வருஷம் முடிவதற்குள் பார்த்திருந்தால் அந்தப் பக்கத்தை மேலதிகாரியின் மேஜையில் போட்டு, புத்தகங்களை மறுநாளே வண்டியில் ஏற்றியிருப்பேன். கப்பல்காரர் எங்களுக்காக ஒரு பூட்டுப் போட்டுவைத்திருந்தார். பென்ஷன்காரர் அதன் சாவியை என் கையில் கொடுத்தார். நான் அவருடைய பென்சிலைக் கேலி செய்துகொண்டிருந்தேன். ஆனைக்கும் அடி சறுக்கும்தான். நான் ஆனையும் இல்லை, இது சறுக்கலும் இல்லை. கொழுப்பு.

அப்போதாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அந்தப் பக்கம் என்னைத் தவிர உயிரோடு இருக்கும் யாருக்கும் தெரியாது. காபிக் கடை வந்திருக்கும், பாரம்பரிய மையம் வந்திருக்கும். ஆனாலும் கட்டடம் ஊருடையதாக இருந்திருக்கும். இன்னொரு அதிகாரி வந்து மனசு மாறியிருக்கலாம். எனக்கு அந்தப் பொறுமை எங்கே? நோட்டை எடுத்துக்கொண்டு நேராக எதிர்வீட்டுக்குப் போனேன். வாரிசுகள் ஒரு அதட்டல் போட்டால் அதிகாரிகள் பயந்துபோய்ப் புத்தகங்களை உள்ளே வைத்துவிடுவார்கள் என்பது என் கணக்கு.

லாத்தாவுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"எங்க வாப்பாவோட வாப்பா, பேரப் புள்ளைங்களையும் நெனச்சித்தான் எழுதியிருக்காங்க பாருங்க."

"அதுக்கில்ல லாத்தா. புத்தகத்த உள்ள வைக்கச் சொல்லி நீங்க ஒரு கடுதாசி குடுத்தா போதும்."

"குடுத்துடுவோம். புள்ளைங்கள்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குறேன்."

என் முன்னாலேயே அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து, துபாயில் இருக்கும் இரண்டு மகன்களுக்கும் அனுப்பினார். படம் கலங்கலாக விழுந்தது. நான்தான் போனை வாங்கித் தெளிவாக எடுத்துக் கொடுத்தேன்.

நான் அனுப்பியது ஒரு மிரட்டல். மகன்களுக்குக் கிடைத்தது சொத்து. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பாலைவன வெயிலில் வேலை பார்க்கிறவனுக்கு, சொந்த ஊரில் நடுத்தெருவில், புதிதாகக் கூரை மாற்றிய மாளிகை உன்னுடையது என்று திடீரென்று தெரிந்தால் வேறு என்ன செய்வான்? வக்கீல் வைத்தார்கள். அலுவலகம் கொஞ்சம் இழுத்துப் பார்த்தது, சட்டப் பிரிவு பத்திரத்தைப் பார்த்துவிட்டுக் கையை விரித்தது. பத்திரத்தின் தமிழாக்கமாக முதலில் தாக்கலானது பென்ஷன்காரரின் நோட்டு. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்று பேச்சுக்குச் சொல்வோம். நான் அதைச் செய்தே பார்த்தேன்.

லாத்தா என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "நான் சொன்னேன், லைப்ரரியம்மா. கேக்க மாட்டேங்குதுங்க. கல்யாண மண்டபமா மாத்துனாலும் புத்தகத்துக்கு ஒரு எடம் வைப்போம்மான்னு சத்தியம் பண்ணியிருக்குதுங்க." அவருக்காக நான் தலையாட்டினேன்.

நூலகம் இப்போது ஒரு வாடகை வீட்டில் இரண்டு அறையில் இருக்கிறது. கிடங்கிலிருந்து வந்ததில் பாதிக்கு மேல் கழித்துப் போட்டார்கள். கழிக்கும் பட்டியலில் கையெழுத்துப் போட்டவளும் நான்தான்; அது ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரம். வியாழக்கிழமை சட்டி அந்த அறைகளுக்கு வருவதில்லை. வீட்டுச் சொந்தக்காரருக்குப் புகை ஆகாது.

போன வருஷம் லாத்தாவின் பேத்திக்கு அந்த மண்டபத்திலேயே கல்யாணம். வலிமா விருந்துக்கு நேரில் வந்து அழைத்தார். போகக்கூடாது என்றுதான் இருந்தேன்; லாத்தாவின் முகத்துக்காகப் போனேன். பத்திரிகை மேஜை இருந்த இடத்தில் மணமேடை. மாடியில் சாப்பாடு. படியேறும்போதே கால்களுக்குப் பழைய பழக்கம், ஏழாவது படியில் கைப்பிடியைத் தேடின. மேலே பந்தி, நெய்ச்சோற்று வாசனை, குழந்தைகளின் ஓட்டம். கிழக்குச் சுவரில் எங்கள் தேக்கு அலமாரி ஒன்று, மெருகு ஏற்றி, சின்ன விளக்குகள் போட்டு. அது நிறையப் புத்தகங்கள்.

கிட்டே போனேன். முதுகில் ஒட்டியிருந்த எண்கள் என் கையெழுத்து. நான் கழித்தவை. அலங்கார வேலை செய்தவர் கெட்டி அட்டையாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு வந்து, கரியைத் துடைத்து அடுக்கியிருக்கிறார். ஓர் ஓரத்தில் தைத்த பழைய பத்திரிகைத் தொகுப்பு ஒன்று. அதன் மேல் விளிம்பில் சிவப்பாக ஒரு கீற்று தெரிந்தது. இரண்டு விரலைக் கொடுத்து இழுத்தேன். வரவில்லை. பலமாக இழுத்தேன், வரிசையே சேர்ந்து ஆடியது.

பரிமாறிக்கொண்டிருந்தவர் குரல் கொடுத்தார். "அது வராதும்மா. பசை போட்டு ஒட்டியிருக்காங்க. புள்ளைங்க இழுத்துப் போட்டுடுதுங்கன்னு."

கடைசிப் பந்தி முடியும்போது நான்கு மணி தாண்டிவிட்டது. அன்று வியாழக்கிழமை என்பது சட்டி படியேறி வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அதே ஆள், தாடி மட்டும் வெளுத்திருந்தது. யாரையும் பார்க்காமல் அலமாரிக்குப் போய் இரண்டு முறை புகை போட்டார். லாத்தா என் பக்கத்தில் வந்து நின்று தோளில் கை வைத்தார். பட்டுச் சேலை, அத்தர் வாசனை, முகம் பூரித்திருந்தது.

"பாத்தீங்களா, லைப்ரரியம்மா. எம் புள்ளைங்க சொன்ன சொல்லக் காப்பாத்திட்டாங்க. புத்தகமெல்லாம் திரும்பி வந்துடுச்சி."

ஒட்டிவைத்த புத்தகத்துக்குள் பூச்சியும் போகாது, புகையும் போகாது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? "ஆமா லாத்தா, வந்துடுச்சி" என்றேன். ஏழாம் பக்கம் எனக்கு மனப்பாடம். புத்தகங்கள் இந்த வீட்டில் இருக்க வேண்டும் என்றுதான் கப்பல்காரர் எழுதச் சொல்லியிருந்தார். யாராவது அவற்றைத் திறக்க வேண்டும் என்று அதில் இல்லை. அதையும் சொல்லி எழுதவைக்க வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது.